வரோ

இங்கே குளிர்காலத்தில் கடல்மேல் குதிரைவண்டி போகிறது. மலாயாவில், எங்கள் கிள்ளானில் சொன்னால் கள்ளுக்கடைப் பேச்சு என்பார்கள். பின்லாந்தில், கோட்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சின்ன வளைகுடா முழுதும் பனிக்கட்டியாக உறைந்துவிடும். பெண்கள்கூட அதன்மேல் நடந்து அக்கரைக் கடைக்குப் போய் வருகிறார்கள். மூன்று வருடமாக எனக்கு மட்டும் அதில் கால் வைக்கத் துணிவில்லை.

கிள்ளான் பாசாரில், அந்தச் சந்தைக் கூட்டத்தில் வளர்ந்தவனுக்கு எந்த மொழியும் ஒரு பொருட்டில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. மலாய்க்காரரிடம் மலாய், சீனர் கடையில் உடைந்த ஹொக்கியன், மிச்சத்துக்குக் கைஜாடை. அந்தத் திமிரோடுதான் கப்பலில் கரி அள்ளும் வேலைக்கு ஏறினேன். கூட வந்தவர் வீராசாமி அண்ணன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை போனவர். அவர் மனைவி பாக்கியம் அண்ணி கிள்ளானிலேயே இருந்தார்.

மரம் ஏற்ற வந்த எங்கள் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. ஒரு மதியம் புகையிலை வாங்க இருவரும் பனிமேல் நடந்தோம். ஓடை வந்து விழும் பக்கம் நெருங்கும்போது, கரையில் நின்ற மீனவர் ஒருவர் கையைக் கீழ்நோக்கி அசைத்து அசைத்து, "வரோ! வரோ!" என்று கத்தினார்.

அண்ணன் நின்றார். "என்னடா சொல்றாரு?"

"வரச் சொல்றாருண்ணே. கையும் காட்டுறாரு பாருங்க. போங்கலா!"

"வரோம், வரோம்!" என்று சிரித்துக் கத்திக்கொண்டே அண்ணன் முன்னால் போனார். பத்தடிகூடப் போகவில்லை, ஓடை நீர் அரித்து மெலிந்திருந்த பனி உடைந்தது. மீனவர் கயிற்றோடு ஓடி வருவதற்குள் தண்ணீர் அண்ணனைப் பனிக்கு அடியில் இழுத்துப் போய்விட்டது. வரோ என்றால் அவர்கள் மொழியில் ஜாக்கிரதை. அந்தக் கையசைப்பும் திரும்பிப் போ என்றுதான். என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அண்ணிக்கு ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். யாரிடமோ சொல்லி எழுதவைத்த பதில் வந்தது: "தம்பி, ஒரு தடவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டவன் நீ. இதையும் தப்பாத்தான் சொல்றே. உடம்பக் கண்ணால பாத்தேன்னு நீ வந்து சொல்ற வரைக்கும் நான் தாலியக் கழட்ட மாட்டேன்."

பனி உருகியதும் கப்பல் போய்விட்டது. நான் அதில் போகாமல் இங்கேயே தங்கிவிட்டேன், மர ஆலையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் பனி விடும் வாரத்தில் ஒரு நீளக் கோலை எடுத்துக்கொண்டு கரை நெடுக அண்ணனைத் தேடுகிறேன். அவர் அகப்பட்டால் நான் ஊர் போகலாம். அகப்பட்டால் அண்ணி தாலியைக் கழற்ற வேண்டும். அதனால் நாணல் அடர்ந்த ஒரு மூலையை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்காமலே திரும்பிவிடுகிறேன்.