முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணிகள்

தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற அவரை, தெருவில் எல்லோரும் லேஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசியில் அவர் போடாத பூ கிடையாது. மேசை விரிப்பு, தலையணை ஓரம், ரேடியோவுக்குக்கூட ஒரு சட்டை. "கொஞ்சம் அசந்தா எனக்கும் உறை போட்டுடுவா" என்பார், லேத் பட்டறை வைத்திருந்த கணவர்.

பிறகு குரோஷா அலுத்துவிட்டது. இரண்டு நீள ஊசிகளில் லேஸ் பின்னத் தொடங்கினார். குரோஷாவில் கொக்கியில் நிற்பது ஒரே கண்ணி, ஒரே நூல் வளையம்; நழுவினாலும் பிடித்துவிடலாம். இதில் ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் ஊசியை நம்பி நிற்கும். ஒன்று விட்டால் அடிவரை பிரிந்துகொண்டே போகும். நான்கு முறை பிரித்துப்போட்டு, ஐந்தாம் முறை மகளுக்கான சால்வை பாதி வளர்ந்தது. ஊசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணிகள்.

அப்போதுதான் ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போனது. பேச்சும் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் இடது கையால் பின்னல் கூடையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"தண்ணி வேணுமா? போர்வையா?" கணவர் தவித்தார்.

மகள் கூடையைத் தூக்கி வந்தாள். "ஐயோ, எவ்வளவு கூர்மை! அம்மா கையில குத்திடும்ப்பா." ஊசியை உருவிவிட்டாள்.

அம்மாவின் தொண்டையிலிருந்து எழுந்த சத்தத்தில் மிரண்டு சால்வையையும் கீழே போட்டாள்.

மயிரிழை பிசகாமல் இரும்பு கடைந்த மனிதர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணிகளை ஊசியில் ஏற்றப் பார்த்தார். ஒன்றைப் பிடித்தால் இரண்டு நழுவின. மறுநாள் நூல் கடைக்காரம்மாவிடம் எடுத்துப் போனார்.

"எனக்குக் கொக்கி வேலைதாங்க தெரியும். இதுல எது வேணும்னு விட்ட துளை, எது கண்ணி நழுவின துளைன்னே புரியல. அவங்களைத்தான் கேக்கணும்."

"அவளுக்குப் பேச்சு வரலையேம்மா."

திரும்பி வந்து மனைவியின் மடியில் வைத்தார். "என்னால முடியலடி."

லேஸ் அக்கா இடது கையால் வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு நூல் முனையைத் தேடி எடுத்து இழுத்தார். "அம்மா, வேணாம்மா!" மகள் அழுதாள். அவர் நிறுத்தவில்லை. கணவர் செய்வதறியாமல் நூலை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தார். எட்டு மாத வேலை அரை மணியில் உருண்டையானது.

வலது கை பிறகு எழவேயில்லை. அன்று காலடியில் உட்கார்ந்து "மன்னிச்சிடும்மா" என்ற மகளின் தலையில் அம்மா இடது கையை வைத்தார். மன்னித்தாரா, களைத்துப்போய் வைத்தாரா, அவளுக்கு இன்றுவரை தெரியாது.