மூன்று தரம் நடந்த அணிநடை

எங்கள் உயர்தர வகுப்பில் ஐந்து பேர். பதவிகளோ பதினான்கு. தென்மராட்சியில் பனங்கூடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபருக்குத் தலைமைத்துவம் என்றால் உயிர். ஏதோ பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தபின் அது முற்றிவிட்டது. மூத்த மாணவர் எவரும் பொறுப்பில்லாமல் இருக்கக் கூடாதென்று பதவிகளைப் பங்கிட்டுத் தந்தார். நான் மாணவத் தலைவி, விளையாட்டு இல்லத் தலைவி, முதலுதவி அணித் தலைவி, வரவேற்புக் குழுத் தலைவி, தமிழ் மன்றச் செயலாளர். மண்டபம் கேட்டுச் செயலாளர் மாணவத் தலைவிக்கு எழுதும் கடிதத்தை நானே எழுதி, நானே பெற்று, ஒரு நாள் விட்டுத்தான் அனுமதி கொடுப்பேன். உடனே கொடுத்தால் பதவிக்கு மதிப்பிருக்காதே.

அந்த வருட மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கல்வி அதிகாரி பிரதம விருந்தினராக வருவதாக இருந்தது. பிள்ளைகள் குறைவென்று எங்கள் வகுப்பை மூடப்போகிறார்கள் என்ற கதை அப்போது அடிபட்டது. மூடினால் நகரப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். அப்பா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"சாவகச்சேரிக்கெல்லாம் பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. இஞ்சை இல்லையெண்டால் படிச்சது காணும்."

எனக்குப் படிக்க வேண்டும். சத்தியமாகப் பயந்துபோயிருந்தேன்.

அதிபர் பயப்படவில்லை, திட்டம் போட்டார். அணிநடையில் பள்ளிக்கூடம் பெரிதாகத் தெரிய வேண்டும். முதலில் இல்லங்கள், பிறகு மாணவத் தலைவர்கள், கடைசியில் முதலுதவி அணி. மூன்றிலும் நாங்களே. விருந்தினருக்கு மரியாதை செலுத்தி மைதான மூலையைக் கடந்ததும், வகுப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடி, தொப்பியை மாற்றி, வரிசையின் வாலில் மறுபடி வந்து சேர வேண்டும்.

"தலைமைத்துவம் எண்டால் உதுதான் பிள்ளையள்," என்றார். "மூச்சு வாங்கிறது மட்டும் தெரியக் கூடாது."

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதும் ஒருமாதிரி ஒப்பேறியது. மூன்றாவது சுற்றுக்கு ஓடும்போது கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். வெள்ளைச் சட்டை இடுப்புவரை சேறு. முழங்கையில் இரத்தம் வழிய வழிய, முதலுதவி அணிக்குத் தலைமை தாங்கி விருந்தினர் பந்தலுக்கு முன்னால் நடந்தேன்.

அதிகாரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று தரமும் ஒழுங்காக எழுந்து நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

பிறகு அவருக்குத் தேநீர்த் தட்டைக் கொண்டுபோனதும் நான்தான். அதிபர் பக்கத்தில் நின்றார். அதிகாரி கோப்பையை எடுத்துக்கொண்டு என் முழங்கையைப் பார்த்தார்.

"பிள்ளை, உயர்தரத்திலை எத்தினை பேர் படிக்கிறியள்?"

அதிபர் தொண்டையைச் செருமினார். என்ன எதிர்பார்க்கிறார் என்று விளங்கியது. பதினான்கு என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"ஐஞ்சு பேர், சேர். மூண்டு தரமும் நாங்கள்தான் வந்தனாங்கள்."

"ஓம், கண்டனான். எழும்பி எழும்பி எனக்கு முழங்கால் நோகுது." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "உமக்குப் படிக்க விருப்பமோ?"

"ஓம், சேர். வகுப்பை மூடினால் அப்பா என்னை மறிச்சுப்போடுவார்."

இருந்த பதவிகளில் ஒன்றுகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

நாங்கள் ஐந்து பேரும் பரீட்சை எழுதும்வரை வகுப்பு இருந்தது. ஆனால் அதற்குப் பின் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. அதிபர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கோபம் ஆறி, இன்னொரு பதவி தந்தார்.

விலகும் நாளன்று என் மாணவத் தலைவிச் சின்னத்தைக் கழற்றி, எங்களுக்கு அடுத்திருந்த பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சட்டையில் குத்திவிட்டேன். இனிப் பள்ளிக்கூடத்தில் மூத்தவர்கள் அந்த வகுப்பார்தான், நாலே நாலு பேர். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. சபை கைதட்ட, அவள் நிமிர்ந்து நின்றபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கிணத்தடியாலை ஓடுறதோ, மற்றப் பக்கத்தாலையோ?"

"மற்றப் பக்கத்தாலை," என்றேன்.