ஆவுடைத்தாயும் துளை போடும் மிஷினும்

ஆவுடைத்தாய் மதினிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. மரத்தின் மேல் உட்காருவதுதான் அவர் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் என் எலக்ட்ரிக்கல் கடைக்கு அடுத்தாற்போல் இருப்பது அவர் கணவர் பூவனலிங்கம் ஆசாரியின் மரப்பட்டறை. வாசல் நிலை செய்வதில் ஆசாரிக்குச் சுத்துப்பட்டு ஊர்களில் எல்லாம் பெயர் உண்டு. நிலைக்கால்களில், குறுக்குச் சட்டம் போய்ச் சேருகிற இடத்தில் சதுரமாகத் துளை எடுக்க வேண்டும். இரண்டு கட்டைகள் மேல் நிலைக்காலைக் கிடத்தி, உளியை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஒரு போடு போட்டால் மரம் துள்ளும். அது துள்ளாமலிருக்க மறுமுனையில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள்தான் மதினி.

பிறந்தது குளத்தூர். அப்பா உப்பள வேலைக்குப் போனவர். கல்யாணமாகி வந்த புதிதில், கூலியாள் வராத ஒரு நாள், "செத்த நேரம் இதுல உக்காரு" என்று ஆசாரி சொன்னாராம். அந்தச் செத்த நேரம் முடிந்தபாடில்லை. மகள் இந்துஜா வயிற்றில் இருந்தபோதும் உட்கார்ந்தார். அவளைக் கட்டிக்கொடுத்து, அவள் புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் உட்கார்ந்தார். இடையில் வைத்துப் பார்த்த ஆள்களெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே நெளிவார்கள், துளை கோணிவிடும். மதினி அசையவே மாட்டார். அதுவே அவருக்கு வினையாகிப் போனது. விழுகிற ஒவ்வொரு அடியும் மரம் வழியாக வந்து அவர் முதுகில்தானே இறங்கும்?

இந்த வருஷம் அவருக்கு வலது காலில் உணர்ச்சி குறைய ஆரம்பித்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், முதுகுத்தண்டில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது, இனிமேல் அதிர்வு படவே கூடாது, பட்டால் அந்தக் கால் ஒரேயடியாக விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.  மறுவாரமே ஆசாரி கோயம்புத்தூரில் துளை போடும் மிஷினுக்குச் சொல்லிவிட்டார். மனுஷர் நல்லவர்தான். வாய்தான் கொஞ்சம் முந்தும்.

மிஷின் ஆள் உயரத்துக்கு இருந்தது. குழாய் மாதிரி உள்ளே வெற்றான ஒரு சதுர உளி, அந்தக் குழாய்க்குள் சுற்றுகிற துளைக்கம்பி, பக்கவாட்டில் நீளமாகக் கைப்பிடி, மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். தரையில் போல்ட் அடித்து நிறுத்தி, நான் கரண்ட் இணைப்புக் கொடுத்தேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. மதினி சுவரைப் பிடித்தபடி வந்து அந்தக் கிளாம்பை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, மரத்த இதுதான் புடிச்சுக்கிடுமா?"

"ஆமா மதினி. இனி உங்களுக்கு ரெஸ்டுதான்."

"பரவால்லயே. இதுக்கு இடுப்பும் வலிக்காது, சோறும் ஆக்க வேண்டாம்."

ஆசாரி வேப்பமர நிலைக்கால் ஒன்றை ஏற்றி, கைப்பிடியை இழுத்தார். ஒரு கிறீச்சல், கொஞ்சம் கசப்புப் புகை, அவ்வளவுதான். வெண்ணெயை வழித்தெடுத்தது மாதிரி துளை விழுந்திருந்தது. ஆசாரி வாயைத் திறந்தபடி நின்றார். மதினி துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"இம்புட்டுதானா?" என்றார். "இம்புட்டுக்கா நான் இத்தன வருசமா..."  எனக்கு ஏன் அவர் முகத்தைப் பார்த்தோம் என்று இருந்தது.

அடுத்த துளை காலின் ஒரு கோடியில் வர வேண்டும். மரத்தின் மறுகோடி தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உளி இறங்க இறங்க அந்த நுனி லேசாக நடுங்கியது. ஆசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, உக்காரு."

மதினியும் யோசிக்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கனத்தில் கிளாம்ப் நழுவி, உளிப் பக்கம் மரம் மேலே எழும்பியது. மிஷின் உளி பட்டென்று உடைந்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"அறிவிருக்காட்டி ஒனக்கு? ஓடுத மிஷின்ல போயி யாராவது உக்காருவாவளா?" என்று ஆசாரி கத்தினார்.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணாச்சி, நீங்கதான உக்காரச் சொன்னீய!"

"நானா?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"விடுங்க தம்பி," என்றார் மதினி. "அவிய சொன்னது அவியளுக்கே கேட்டிருக்காது. எனக்குல்லா கேட்டுப்போச்சு."

புது உளி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நாகலாபுரத்து மாரிராஜ் வீட்டில் இந்த நிலையை வைக்க வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம். நாள் குறித்த நிலை அன்றைக்கு நிற்காவிட்டால் அந்த வீட்டுக்கே ஆகாது என்பார்கள். மற்ற பட்டறைகளுக்குப் போன் போட்டால், அங்கேயும் அதே முகூர்த்தத்துக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. பழையபடி கை உளியையே எடுத்து, மரத்தைக் கயிற்றால் கட்டிப் பார்த்தோம், அடிக்கு அடி தளர்ந்தது. "நான் உக்காருதேன்" என்று நானே ஏறினேன். இரண்டாவது அடியிலேயே மரம் என்னையும் சேர்த்து நகர்த்திவிட்டது. உளி குறித்த கோட்டைத் தாண்டிப் பாய்ந்து மரத்தின் ஓரம் பிளந்தது. அந்தக் கால் தேறாது. அதற்கு மாற்றாக ஒரே ஒரு கால்தான் மிச்சம். அதையும் கெடுத்தால் வெள்ளிக்கிழமை மாரிராஜ் முகத்தில் முழிக்க முடியாது.

நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது, மதினி ஒரு சாக்கை நாலாக மடித்து அந்தக் காலின் நுனியில் போட்டார்.

"வேண்டாம்ட்டி," என்றார் ஆசாரி. 

"அப்ப யாரு உக்காருவா, சொல்லுங்க."

 மதினி வலது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஆசாரி உளியை வைத்து மெல்லத் தட்டினார். மறுபடியும் மெல்ல. அந்தத் தட்டலுக்கு ஒரு பூகூட உதிர்ந்திருக்காது. மரத்தில் கீறல் விழுந்ததே தவிரத் துளை இறங்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மதினி கண்ணை மூடி, இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, ஓங்கி அடிங்க," என்றார். "மெள்ள அடிச்சா நான் கூடக்கொஞ்ச நேரம்லா உக்காந்திருக்கணும்."

ஆசாரி ஓங்கி அடித்தார்.