பாறைக்குள் இருந்த தண்ணீர்

கற்கள் மோதி, உருகி, ஒட்டித்தான் பூமி உருவானதாம். தண்ணீரும் அந்தக் கற்களுக்குள்ளேயே வந்திருக்கலாமாம். மகள் செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். அஸ்தம்பட்டியில் எங்கள் பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறார்கள். ஈரக் கல்தூளின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. எத்தனை காலமாயிற்று இந்த வாசனை பிடித்து!

அப்போது நான் சிறுமி. புதுச்சத்திரத்தில் எங்கள் புன்செய்க் காட்டில் அப்பா கிணறு வெட்டினார். பாறைக்கு வேட்டு வைத்தால் வெடிமருந்துப் புகைதான் வந்தது. அந்தக் கோடையிலும் தண்ணீர் ஊறாவிட்டால் காட்டை விற்றுவிடுவதென்று பேச்சு. அம்மாவோ வறண்ட கிணற்றோரம் தென்னங்கன்று நட்டுவிட்டாள்.

"தண்ணி வாரதுக்கு முந்தியே கன்னு எதுக்கு?" என்றார் அப்பா.

"நட்டுட்டா வந்துதானுங்க ஆகோணும்."

தூரத்திலிருந்து சுமந்து வந்த குடிதண்ணீரில் அதற்கும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

ஒருநாள் வேட்டுப்புகை அடங்கியதும் இதே வாசனை எழுந்தது. உள்ளே இறங்கிய அப்பா வெகுநேரம் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கசியும் பாறையில் கன்னத்தை வைத்து நின்றிருந்தார். ஆடியில் அந்தத் தண்ணீரில் ஒரு தவளை கத்தியது. எங்கிருந்து வந்ததோ!

மகள் தாளை மடித்தாள். "வேற சூரியனுங்களச் சுத்தியும் இப்படிக் கல்லு உலகம் இருக்கலாமாம்மா. அங்கயும் உசுரு இருக்குமா?"

என் அம்மா இருந்திருந்தால் ஒன்றுதான் கேட்டிருப்பாள்: "கன்னு நட்டுட்டாங்களா, சாமி?"