நீங்க ஊரா?

வளவனூரில் எங்களை யாருக்கும் தெரியாது. நாங்கள் அங்கே குடிபோனதற்கு அதுதான் முக்கியமான காரணம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவர்கள் நானும் என் கணவரும். அங்கே வேலை கேட்டுப் போனால் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் தெருவைக் கேட்பார்கள். விழுப்புரத்தில் அவருக்கு ஒரு ஒப்பந்த வேலை கிடைத்ததும், மகளையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். இனியாவது தெருவைச் சுமக்காமல் நடக்கலாம் என்று நினைத்தேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே வேலையிடத்தில் விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்றாகிவிட்டது.

நான் பி.காம். படித்தவள். கம்ப்யூட்டரில் பில் போடுவேன், கணக்கு பார்ப்பேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ, என் பேச்சைக் கேட்டதுமே சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை, உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்தில் ஒருவர் மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த வெயிலுக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது.

கடைசியில் வழி காட்டியது எங்கள் வீட்டுக்கார அம்மாதான். நல்ல மனுஷி. நான் வேலை தேடப் போகும் நாட்களில் என் மகளைத் தன் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவார். அவருக்குச் சொந்தக்காரர் ஒருவர் விழுப்புரத்தில் விதைக்கடை வைத்திருந்தார். அங்கே பில் போட ஆள் தேவை என்று சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர் என்னை உட்காரவைத்து, அப்போது வந்த ஒரு விவசாயிக்குப் பில் போடச் சொன்னார். மல்லாட்டை விதை வேண்டும் என்றார் அந்த விவசாயி. நான் விழித்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். நிலக்கடலைதான் என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பில்லை அடித்துக் கொடுத்தேன். கடைக்காரருக்கு என்னைப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமையே வந்துவிடலாம், மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவர் கேட்டார்.

"நீங்க ஊருதானே?"

கடைக்குக் கடை கேட்டுச் சலித்த கேள்விதான் இது என்று நினைத்தேன். பொய் சொல்லிப் பிறகு மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று, "இல்லைங்க சார், நாங்க ஊர் இல்லை. ஆனா வேலையில ஒரு குறை இருக்காது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. போன் பண்ணுவதாகச் சொன்னார். போன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கார அம்மா ஒரு தூக்கில் கேப்பைக் கூழ் கொண்டுவந்தார். வரும்போதே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா இப்பிடி சொல்லிட்டு வந்துக்கிற? நீ ஊரான்னா, ஊருல இருக்கிறவளா, காலனியில இருக்கிறவளான்னு கேக்கறாரு. நீ பாட்டுக்கு இல்லன்னுட்டியாமே."

எங்கள் பக்கம் இதையே 'நீங்க என்ன ஆளுக' என்று கேட்பார்கள். அது தொலைவில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். இங்கே அதற்கு வேறு சொல். மல்லாட்டைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கு, ஊர் என்ற சொல்லுக்கும் அர்த்தம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. புரியாமல் சொன்ன பதில் உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

வீட்டுக்கார அம்மா அதற்குள் கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

"இந்தா, நாங்க ஊருதாங்கன்னு ஒரு வார்த்த நீயே சொல்லிடு. நாளைக்கே வரச் சொல்லுவாரு."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். கட்டிலில் கிடந்த கணவர், சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு வார்த்தைதான். ஆனால் அதற்குப் பிறகு தினமும் மதியம் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் காலனிக்காரர்களைப் பற்றிப் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைய வேண்டும். என் மகளுக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். எனக்கு வந்தது வீரமெல்லாம் இல்லை, எரிச்சல். அப்படி ஒரு எரிச்சல்.

"சார், நான் அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றேன். "நாங்க ஊர் இல்லை."

அவர் போனை வைத்துவிட்டார். போனைத் திருப்பி நீட்டினேன். வீட்டுக்கார அம்மா கை நீட்டவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்தேன். அதன் பிறகு எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என் மேல் இருந்தது, அது நியாயமும்கூட.

மறுநாள் காலையில் தூக்கைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். கதவு பாதிதான் திறந்தது.

"அத நீங்களே வெச்சிக்கங்க. இந்த மாசத்தோட வேற வூடும் பாத்துக்கங்க" என்றார்.

அதற்கு முன்னால் அவர் என்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை.