தலைவர் வரும்வரை பேசிய புனிதவதி அக்கா

சிதம்பரத்தில் என் அச்சகத்தில் ஒரு கட்சிக் கூட்டத்துக்கான சுவரொட்டியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கடலூர் முதுநகரிலிருந்து மைக் செட் குமார் போன் செய்தார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். "எந்த அக்கா?" என்று கேட்டேன். "நமக்கு எத்தினி அக்கா இருக்காங்க?" என்றார். முந்தின இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று அவர் மகள் பிறகு சொன்னார்.

அக்காவோடு பழகியவர்கள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. செய்தியைக் கேட்டதும் வருத்தத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இந்த மே மாதத்துக்கு முன்னால் அவர் போயிருந்தால் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். யாரையாவது திட்டித்தான் எழுதியிருப்பேன். பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு கையில் கிடைத்த பிறகு, தன் வீட்டுப் பாயில், தூக்கத்திலேயே போனார். எது கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். புனிதவதி அக்கா எங்கள் கட்சியின் மேடைப் பேச்சாளர். கட்சியில் யாருக்கு என்ன இடம் என்பது சுவரொட்டியில் அவரவர் பெயரின் உயரத்தில் இருக்கிறது; அச்சடிப்பவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். தலைவரின் பெயர் ஒரு சாண் இருக்கும். அக்காவின் பெயரைப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டும். ஆனால் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் பேசுவது அவர்தான். ஆறு மணி என்று போட்டால் தலைவர் எட்டு மணிக்கு வருவார். அதுவரை ஜனம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. தலைவரின் கார் ஊர் எல்லையைத் தொட்டதும் சரவெடி கொளுத்துவார்கள். வெடிச் சத்தம் கேட்டால் அக்கா பேச்சை முடிக்கலாம். கேட்காத வரைக்கும் முடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் இது எழுதாத சட்டம்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர் அவர். குப்பத்தின் பெயரை எழுதினால் இன்னமும் சிலருக்குக் கோபம் வரும், வேண்டாம். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு அவர் பேச்சிலும் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. தலைவரைப் புகழ்ந்துகொண்டே இருப்பார், நடுவில் திடீரென்று கிணறு உப்பானதைப் பற்றிச் சொல்வார். கட்சிக்காரர்கள் அவருக்கு 'வானிலை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். திருவந்திபுரத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒன்றியச் செயலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏக்கா, சுனாமி வந்து மூணு வருஷம் ஓடிப் போச்சு. இன்னும் அதயே புடிச்சிக்கிட்டு இருக்கீங்களே?"

அக்கா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "அது வேற தம்பி, இது வேற. அது பூமி ஆடி வந்துச்சு, வந்துட்டுப் போயிடுச்சு. நான் சொல்றது பூமி சூடாயி வர்றது. இது தெனமும் ஒரு விரக்கடை வருது. திரும்பிப் போவ மாட்டேங்குது. வெயிலும் ஜாஸ்தி, மழையும் ஜாஸ்தி, ரெண்டும் வேளை கெட்ட வேளையில."

செயலாளர் பாயசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பருவநிலை மாற்றம் பற்றி எங்கள் கட்சி எடுத்த நிலைப்பாடு வெகுநாள் வரைக்கும் அந்தப் பாயசம்தான். மற்றக் கட்சிகளும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலெல்லாம் மூழ்கிக் கிடந்த மழைக்காலம். தலைவர் அரிசி கொடுக்க வந்திருந்தார். ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டதால், போட்டோக்காரர் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி முழங்கால் தண்ணீர் இருந்த ஒரு பள்ளத்தில் இறக்கினார். நானும் அக்காவும் டீக்கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "பாருங்க பிரஸ்காரத் தம்பி" என்றார் அக்கா. "நிவாரணம் குடுத்தா போட்டோ வரும். வெள்ளமே வராம தடுத்தா எத போட்டோ புடிக்கிறது? காஞ்ச வீட்டயா? அதனாலதான் யாரும் தடுக்க மாட்டாங்க." அன்று தலைவர் பேசும்போது, 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்ற பழமொழியைத் தவறாமல் சொன்னார். நாங்களும் கை தட்டினோம்.

2010 மாசியில் விஷயம் அக்கா பிறந்த குப்பத்துக்கே வந்துவிட்டது. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு உண்டு. தாழையும் அடம்புக் கொடியும் படர்ந்து கிடக்கும். அந்த மேட்டை வழித்துவிட்டு, கடலைப் பார்த்தபடி விளக்குக் கம்பங்களோடு ஒரு சாலை போடுவதாக முடிவாகியிருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் எங்கள் கட்சிக்காரர். அடிக்கல் நாட்டத் தலைவரே வருகிறார். கூட்டத்துக்கான சுவரொட்டியை நான்தான் அடித்தேன். "அக்கா, இன்னிக்கு என்ன வேணா பேசுங்க, மேட்டப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்று செயலாளர் மேடைக்குக் கீழே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அக்காவும் தலையாட்டினார்.

அன்று பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மாசியில் மழையா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். சாயங்காலம் விட்டது. செயலாளர் முதற்கொண்டு முக்கியஸ்தர்கள் எல்லோரும் மாலையும் வெடியுமாக ஊர் எல்லைப் பாலத்தில் போய் நின்றார்கள். மேடையில் அக்கா மட்டும். கட்சி வரலாறு பேசினார், தலைவர் சிறை சென்றது பேசினார், எதிர்க்கட்சியை ஒரு பிடி பிடித்தார். வெடி வரவில்லை. திரும்பவும் கட்சி வரலாறு. வெடி வரவில்லை. கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார்.

"ஒன்றியம் பேசச் சொன்னதெல்லாம் பேசிட்டேன். சரக்கு தீந்து போச்சு. வெடி வர்ற வரைக்கும் நம்ம வூட்டு விஷயம் பேசலாமா?"

ஜனம் சிரித்தது. அக்கா மேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ரோடு வேணாம்னு சொல்லல. மேட்டுக்கு மேற்கால போடுங்க. கடலு மேல ஏறிக்கிட்டு வருது. இனிமே வர்ற புயலு நம்ம தாத்தன் பாத்த புயலா இருக்காது. அத நிறுத்த நம்மகிட்ட இருக்கறது இந்த மணலு ஒண்ணுதான். இதயும் வழிச்சுட்டு, நாளைக்கு அரிசி மூட்ட எடுத்துக்கிட்டு வந்தா, வாங்கறதுக்கு நாம இருக்கணும்ல? கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் எதுக்கு? இந்த ஊருக்கு மட்டும் கேக்கல. கரையோரம் பூராவும் ஒரு சட்டம் வேணும், மேட்டுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு. மேடு இருக்கணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க."

பெண்கள் முதலில் தூக்கினார்கள். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். அந்த நேரத்தில் தலைவர் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பாலத்துப் பாதை சேறாகிவிட்டது என்று டிரைவர் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். கார் மணலில் சிக்கி, தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். வரவேற்க வேண்டியவர்கள் எல்லோரும் பாலத்தில், வராத காருக்காகக் காத்திருந்தார்கள். வெடி வெடிக்காததால் அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர் குமார் ஒருவர்தான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்த அவர் தலைவரைப் பார்த்துவிட்டார். அக்காவுக்குச் சைகை காட்டவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார். குமாரின் அம்மா வீடு மேட்டை ஒட்டிய முதல் வரிசையில் இருக்கிறது.

தலைவர் மேடையேறினார். அக்கா திடுக்கிட்டுத் திரும்பி, "ஐயா, வெடிச் சத்தமே கேக்கலிங்களே" என்றார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். இன்னும் பாதிக் கைகள் இறங்காமல் இருந்தன. இத்தனை வருஷம் அரசியலில் இருந்தவருக்குக் கைகளை எண்ணத் தெரியாதா? மைக்கை வாங்கி, "அம்மா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். மேடு இருக்கும், சாலை மேற்கே போகும் என்று அறிவித்துவிட்டார். குமார் கூட்டி வைத்திருந்த சத்தத்தில் தலைவரின் குரல் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகப் பாலம் வரை போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் பதறிப்போய் அப்போதுதான் வெடியைக் கொளுத்தினார்கள். நான் அன்று சிரித்ததைப் போல அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

கரையோரம் முழுவதற்குமான சட்டத்தைப் பற்றி ஆராயக் குழு அமைப்பதாகவும் தலைவர் சொன்னார். அந்தக் குழுவுக்காக நான் ஒரு விசிட்டிங் கார்டுகூட அடிக்கவில்லை. அதோடு சுவரொட்டிகளிலிருந்து அக்காவின் பெயரும் போயிற்று. அவருக்கு ஓய்வு கொடுத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். அக்கா ஓய்வெடுக்கவில்லை. டவுன் பஸ் ஏறிக் குப்பம் குப்பமாகப் போனார். மீன் ஏலக் கூடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் மைக் இல்லாமல் பேசினார். ஒரு மேட்டைக் காப்பாற்றியதைப் பாராட்டினால் எரிந்து விழுவார். "ஒரு வூட்டு ஓட்டை அடைச்சா மழை நின்னுடுமா தம்பி?" என்பார்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அக்கா குப்பத்தில்தான் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். மரங்களை அறுத்து வழி விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குப்பத்தில் கூரைகள் இல்லை, படகுகள் கவிழ்ந்து கிடந்தன. மேட்டில் பாதியைக் கடல் தின்றிருந்தது. மீதிப் பாதி நின்றது. ஊருக்குள் அலை ஏறவில்லை, ஒரு உயிர்கூடப் போகவில்லை. அக்கா சமுதாயக் கூடத்தில் கரண்டியும் கையுமாகச் சோறு வடித்துக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு.

"எழுந்திருங்க" என்றார் அக்கா. "வடக்கால ஊருல தண்ணி வூட்டுக்குள்ள பூந்துடுச்சு. அங்க மேட்ட வழிச்சு இறால் பண்ண போட்டாங்கல்ல. அங்க போயி என்ன வேணும்னு கேளுங்க." போனேன். அங்கே வீடுகள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. தலைவர் அங்கே வந்தார், போட்டோக்காரர்களும் வந்தார்கள். அக்காவின் குப்பத்துப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் அக்கா திரும்பவும் பஸ் ஏறினார். இந்த முறை கட்சியையோ தலைவரையோ அவர் எதிர்பார்க்கவில்லை. மே தினத்தன்று கூடும் கிராம சபைகளில் ஊர்களே தீர்மானம் போடட்டும் என்றார்: மேட்டில் யாரும் மணல் எடுக்கக் கூடாது, எது கட்டினாலும் மேட்டுக்கு மேற்கே கட்ட வேண்டும், கரையோரம் முழுவதற்கும் அரசாங்கம் சட்டம் போட வேண்டும். ஏப்ரலில் நெஞ்சு வலி வந்து படுத்துவிட்டார். மே தினத்துக்கு அவரால் போக முடியவில்லை. "நான் போவலன்னா யாரு பேசுவா?" என்று மகளிடம் அழுதாராம்.

நானும் குமாரும் போனோம். வடக்கு ஊர்க் கிராம சபையில், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, "இதெல்லாம் அரசாங்கம் கொள்கை முடிவு எடுக்கணும்மா, நீங்க தெரு விளக்கு பத்திப் பேசுங்க" என்றார். வீட்டை இழந்த மீன்காரப் பெண் ஒருவர் எழுந்தார். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை. "அரசாங்கம் முடிவு பண்ணட்டும் சார். அது வர்ற வரைக்கும் எங்க ஊரு முடிவு பண்ணக் கூடாதா?" என்றார். தீர்மானம் நிறைவேறியது. அன்று கரையோரத்தில் ஏழு ஊர்களில் நிறைவேறியது.

சாயங்காலம் முதுநகரில் அக்காவின் வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னோம். பாயில் எழுந்து உட்கார்ந்தார். ஊர் எண்ணிக்கையை அவர் கேட்கவில்லை. "நான் இல்லாமயே பேசினாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் பேசியதைக் குமார் அப்படியே சொல்லிக் காட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகளைக் கூப்பிட்டுப் பசிக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டு எங்களை அனுப்பும்போது, "எனக்கு நிம்மதி தம்பி. நீங்க நிம்மதியாயிடாதீங்க. சட்டம் இன்னும் வரல" என்றார்.

ஆடியில் அவரை எடுத்துப் போனபோது ஏழு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அக்காவின் பேச்சுகளைப் பதிந்த கேசட்டுகள் குமாரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்த 'அப்பாடா' ஒன்றுதான். கரையோரம் முழுவதற்கும் சட்டம் வருகிற அன்று நானும் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வேன். அதுவரைக்கும் அது அக்காவுடையது.