பொறியாளருக்கு யூசுப்பின் முகம்

சலேஹாவின் வேலை பிழை பார்ப்பது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. நாளுக்கு எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளைப் பார்க்கிறார். கீறல் எந்த மூலையில், எவ்வளவு நீளம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பார். பத்தொன்பது வருடமாக இதுதான். வயது ஐம்பத்தொன்று. இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை.

அவருடைய அண்ணன் இப்ராஹிமுக்குப் பார்வை இல்லை. சர்க்கரை நோய் முதலில் இடது கண்ணை எடுத்தது. போன வருடம் வலது கண்ணும் போனது. அதுவரை சூலியா தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் யூசுப், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கண் போன முதல் மாதம், அண்ணனும் தங்கையும் இருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்கு யூசுப் வந்து கதவைத் தட்டினார். இப்ராஹிம் திறக்கவில்லை.

"நீ பாக்க வந்த ஆளு இங்க இல்ல. போயிரு" என்று உள்ளிருந்தே சொன்னார்.

யூசுப் மறுபடி வரவில்லை. இப்ராஹிமும் தன் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். சாப்பாடுகூட உள்ளேதான். அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம், 'லாங் ஹார்பர்'.

விண்வெளியில் மிதக்கும் ஒரு துறைமுகத்தின் கதை அது. தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் வந்தபோது அண்ணனும் தங்கையும் யூசுப்பும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. இப்போது சலேஹா பழைய தொடரை முதலிலிருந்து போட்டார். வசனத்தை இப்ராஹிம் கேட்டுக்கொள்வார். வசனம் இல்லாத இடத்தில் நடப்பதை சலேஹா சொல்வார். "கேப்டன் ஜன்னல் பக்கம் போறாரு. திரும்பிப் பாக்கல." அது போதும். இப்ராஹிம் தலையாட்டுவார்.

இப்படியே இரண்டு முறை பார்த்து முடித்தார்கள். மூன்றாவது முறை பாதியில், "போதும், எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு" என்று இப்ராஹிம் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கதவு மூடியே இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் அண்ணனுக்கு நான்கு சுவர்தான் மிச்சம் என்று சலேஹாவுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் 'லாங் ஹார்பர்' புதிய தொடர் வந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பழைய துறைமுகத்தை உடைத்துவிட்டார்கள், கேப்டனை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பக்கம். இப்போதுதான் கதைக்கு உயிர் வந்திருக்கிறது என்று மறுபக்கம். இப்ராஹிம் படுத்தபடியே யூடியூபில் திட்டுகிறவர்களை மட்டும் கேட்டார்.

"ஒரு எபிசோட் பாப்போம் அண்ணே. பிடிக்கலன்னா நிறுத்திரலாம் லா."

"வேணாம். குப்பையாம். யூனிபார்ம் கலரே தப்பாம். படம் முழுக்க இருட்டாம், ஒண்ணுமே தெரியலயாம்."

"உங்களுக்கு என்ன அண்ணே இருட்டு?"

வாய் தவறி வந்துவிட்டது. சலேஹா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்ராஹிம் அவர் பக்கம் திரும்பிப் படுத்தார். "பழசுல எல்லார் மூஞ்சியும் எனக்குத் தெரியும், சலே. குரல் வந்தா மூஞ்சி தானா வரும். புதுசுல யாரு மூஞ்சி வரும்? வெறும் சத்தம். அதுக்கு ரேடியோ கேட்டுட்டுப் போறேன்."

"மூஞ்சிய நான் சொல்றேன்."

அந்த ஞாயிறு இப்ராஹிம் வந்து உட்கார்ந்தார். புதிய கேப்டன் ஒரு பெண். திரையில் வந்ததும் சலேஹா தொடரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீள முகம். இடது கன்னத்துல மச்சம், ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். வலது புருவத்துல வெட்டுக்காயம், குறுக்கால."

"மூஞ்சிய சொல்லச் சொன்னா கம்பெனி ரிப்போர்ட் படிக்கிற. இவள பாஸ் பண்ணலாமா, ரிஜெக்ட் பண்ணலாமா?"

"வேற எப்படி அண்ணே சொல்றது?"

"யாரு மாதிரி இருக்கா? அத சொல்லு."

சலேஹா திரையை உற்றுப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை நுண்ணோக்கி கேட்டதே இல்லை. "நம்ம பழைய வீட்டுக்கு எதிர்ல இருந்தாங்களே புஷ்பவள்ளி டீச்சர்... கோவமா இருக்கறப்ப."

இப்ராஹிமின் முகம் மாறியது. "அவங்களா? அப்ப இந்தக் கப்பல்ல ஒருத்தனும் தூங்க முடியாது. போடு, போடு."

அதிலிருந்து அதுவே முறையானது. மருத்துவருக்கு மாமி மகன் சாஹித்தின் மூக்கு. வில்லனுக்குத் திரேசா பூங்காவில் நாசி கண்டார் சோறு விற்றவரின் மீசை. குறட்டை விடும் பொறியாளர் வந்தபோது சலேஹா யோசிக்கவே இல்லை. விசிறி போல விரிந்த காது, முன்பல்லில் சந்து, காதில் செருகிய பென்சில்.

"யூசுப் அண்ணே மாதிரி. அப்படியே."

அதன்பின் பொறியாளர் பேசும்போதெல்லாம் இப்ராஹிம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்.

சலேஹாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அண்ணனுக்குச் சொல்லும் முன் ஒவ்வொரு பகுதியையும் தொழிற்சாலைப் பேருந்தில் கைப்பேசியில் பார்த்துவிடுவார். கடற்பாலத்தைத் தாண்டி வீடு சேர்வதற்குள் முடிந்துவிடும். நான்காம் பகுதி வந்த வாரம் கூடுதல் வேலை. பேருந்தில் ஏறியதும் தூங்கிப்போனார். பார்க்காமலே ஞாயிற்றுக்கிழமை போட்டார்.

இருபதாவது நிமிடத்தில் துறைமுகத்தின் ஒரு பக்கம் உடைந்தது. பொறியாளர் உள்ளே இருந்தார். கதவை வெளியிலிருந்து மூடினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். மூடினார்கள். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கையை உயர்த்தினார். பிறகு வசனமே இல்லை.

"என்ன நடக்குது?"

சலேஹா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலே, என்ன நடக்குது?"

"கதவ மூடிட்டாங்க அண்ணே. அவரு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. இப்ப இல்ல."

இப்ராஹிமின் உதடு தானாக அசைந்தது. "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." மவுத்துச் செய்தி, யாராவது இறந்த செய்தி, கேட்டால் சொல்வது. சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தொடர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணே. இந்த ஆளுக்கு யூசுப் அண்ணே மூஞ்சிய கொடுத்திருக்கக் கூடாது."

"நிறுத்து" என்றார் இப்ராஹிம். சலேஹா நிறுத்தினார். "போன் போடு அவனுக்கு."

மணி ஆறு முறை அடித்தது. சலேஹா எண்ணினார். ஏழாவதில் எடுத்தார்கள்.

"யாரு, சலேஹாவா?"

"நான்தான்டா. இருக்கியா?" என்றார் இப்ராஹிம். குரல் உடைந்தது.

"இருக்கேன். இல்லாம எங்க போறது?" பிறகு மெதுவாக, "ஏன்டா, என்ன ஆச்சு?"

"இஞ்சினியர் செத்துட்டான்."

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். நல்ல மனுசன். ஆனா சீரிஸ் மோசம்டா, பழசு கிட்டகூட நிக்காது."

"நீ ஒழுங்கா பாக்கல. ஞாயித்துக்கிழம இங்க வா, சலே சொல்லுவா."

அடுத்த ஞாயிறு ஒன்றே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. சலேஹா எழுந்தார். "இரு, நான் போறேன்" என்றார் இப்ராஹிம். சுவரைத் தடவிக்கொண்டு, நாற்காலியில் ஒருமுறை இடித்துக்கொண்டு, கதவு வரை போனார். தாழ்ப்பாளைத் தேட நேரம் ஆனது. வெளியே இருந்தவர் மறுபடி தட்டவில்லை. காத்திருந்தார்.

கதவு திறந்தது.

"காது இன்னும் அதே சைஸ்தானா?" என்று கேட்டார் இப்ராஹிம்.

"கொஞ்சம் பெருசாயிருக்கு" என்றார் யூசுப்.